திருடு போய்க் கிடைத்த கார்: உடைந்த ஸ்டியரிங் லாக்கை எப்படிச் சரிசெய்வது?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் நிலைமை இது. கார் திருடு போனது, சில நாளில் கிடைத்தும் விட்டது. ஸ்டியரிங் வீலுக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் கவர் உடைந்து தொங்குகிறது. சாவி போடும் பாகத்தையே பிடுங்கியிருக்கிறார்கள். உள்ளே தெரியும் காடியில் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினால் வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஓடவும் செய்கிறது. வீலைத் திருப்பும்போது ஒரு இடத்தில் மட்டும் 'கடக்' என்று தட்டுகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், ஸ்டியரிங் லாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு பட்டன் வைத்துவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார். அது போதுமா, இல்லை எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

முதலில் அந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து வையுங்கள். வண்டியை இனி ஓட்டாதீர்கள். பட்டறைக்குக் கூட ஓட்டிக்கொண்டு போக வேண்டாம், வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். உங்களை இவ்வளவு அழுத்தமாகத் தடுப்பதற்குக் காரணம் அந்த 'கடக்' சத்தம்தான். உடைந்த கவரும் பிடுங்கிய சாவித்துளையும் கண்ணுக்கு மோசமாகத் தெரிகின்றன, ஆனால் அவற்றால் யாருக்கும் உயிர்ச்சேதம் வராது. உள்ளே முறிந்து கிடக்கும் லாக் முள்ளால், அதாவது வீலைப் பூட்டி நிறுத்தும் உலோகத் துண்டால், வரலாம். திருடு போய்க் கிடைத்த வண்டிகளைத் திறந்து பார்க்கும்போது நான் முதலில் தேடுவது அந்த முள்ளைத்தான். வேலையின் மற்றப் பகுதி எல்லாம் அதன் பிறகு.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஸ்டியரிங் காலம் (column, கீழே 'காலம்' என்று சொல்வதெல்லாம் இதைத்தான்) என்பது வீலிலிருந்து டேஷ்போர்டுக்குக் கீழே இறங்கும் இரும்புக் குழாயும், அதற்குள் வீலோடு சேர்ந்து சுற்றும் தண்டும். குழாயின் மேல் பகுதியை லாக் ஹவுசிங் கவ்விக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் அது அலுமினியத்திலோ துத்தநாகக் கலவையிலோ வார்த்தது. சாவி நுழையும் சிலிண்டர், அதன் பின்னால் மின் இணைப்புகளை மாற்றிவிடும் இக்னிஷன் ஸ்விட்ச், பக்கவாட்டில் லாக் முள், மூன்றும் அந்த ஹவுசிங்குக்குள்தான். சாவியை எடுத்ததும் ஸ்பிரிங் தள்ள, முள் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி குழாயின் துளை வழியே இறங்கி, தண்டில் பொருத்தியிருக்கும் வளையத்தின் காடியில் உட்காரும். சாவியைப் போட்டுத் திருப்பினால் கேம் எனப்படும் மேடுள்ள ஒரு சுழல் துண்டு அந்த முள்ளைப் பின்னால் இழுக்கும். சாவி உள்ளே இருக்கும் வரை ஒரு சின்னக் கொக்கி அதை மறுபடி இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கும்.

இந்த ஏற்பாடு அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969 மாடல்களில் சாவியை டேஷ்போர்டிலிருந்து ஸ்டியரிங் காலத்துக்குக் கொண்டுவந்தது. 1970 ஜனவரி 1 முதல், சாவியை எடுத்துவிட்டால் என்ஜின் ஓடக் கூடாது, கூடவே ஸ்டியரிங்கோ வண்டி முன்னே நகர்வதோ தடைபட வேண்டும் என்பது அமெரிக்காவில் விதியானது. பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. வாகன விதி எண் 116, ஸ்டியரிங் லாக் 300 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்க வேண்டும் என்கிறது. 38 செ.மீ. விட்டமுள்ள ஒரு வீலில் அந்த முறுக்கைக் கொடுக்க வேண்டுமானால், இரண்டு கையும் தலா 80 கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு இழுக்க வேண்டும். திருடர் அப்படி நிதானமாக இழுப்பதில்லை. உடம்பின் முழு வேகத்தையும் கொடுத்து வெட்டி வெட்டி இழுப்பார். அந்த அதிர்ச்சியில் முள் முறியும், அல்லது ஹவுசிங் விரியும், அல்லது தண்டில் உள்ள வளையத்தின் காடி நசுங்கும். சில வண்டிகளில் அந்த வளையம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் முறுக்கினால் வழுக்கிச் சுற்றும்படி செய்யப்பட்டிருக்கும். அந்த வகையில் அதே விதி குறைந்தது 100 நியூட்டன் மீட்டர் வரை பிடித்து நிற்கச் சொல்கிறது.

ஆக, திருடர் உங்கள் வண்டியில் இரண்டு தனித்தனி வேலை செய்திருக்கிறார். சிலிண்டரைப் பிடுங்கி ஸ்விட்சைத் திருப்பியது ஒன்று. வீலை முறுக்கி முள்ளை உடைத்தது இன்னொன்று. ஸ்க்ரூடிரைவரால் நீங்கள் திருப்புவது முதலாவதை மட்டும். முள்ளைப் பின்னால் பிடித்து வைக்கும் கேமும் கொக்கியும் சிலிண்டரோடு போய்விட்டிருக்கலாம். மிச்சமிருக்கும் முள்ளின் அடித்துண்டு ஸ்பிரிங் அழுத்தத்தில் இன்னும் தண்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், முறிந்த நுனி குழாய்க்குள் உருண்டுகொண்டிருக்கலாம். வளைவில் திரும்பும்போது அந்தத் துண்டு காடியில் சிக்கினால் வீல் அங்கேயே நின்றுவிடும். உங்களுக்குக் கேட்பது அந்தத் தட்டலாகத்தான் இருக்க அதிக வாய்ப்பு.

சரி, வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை. எதையும் கழற்றுவதற்கு முன்னால் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த துண்டுகள், அறுந்த வயர், கதவு, கண்ணாடி எல்லாம் அதில் வரட்டும். காவல்துறையின் சோதனை முடிந்துவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். இன்சூரன்ஸ் க்ளைம் செய்வதாக இருந்தால் அவர்கள் ஆள் வந்து பார்க்கும் வரை ஒரு ஸ்க்ரூவையும் தொடாதீர்கள். மதிப்பீடு எழுதும்போது, காலத்தைத் திறந்த பிறகு தெரியவரும் சேதத்துக்குத் தனியாக மதிப்பீடு தர இடம் வைத்து எழுதச் சொல்லுங்கள். வெளியில் தெரிவதை மட்டும் எழுதிவிட்டு, பிறகு உள்ளே காலமே கோணலாக இருக்கிறது என்று சொன்னால் வீண் வாக்குவாதம் வரும். அப்புறம், வண்டிக்குள் கை விடும்போது தடித்த கையுறை போடுங்கள். சீட் இடுக்கிலும் கார்பெட்டுக்கு அடியிலும் கண்ணாடித் தூள் மட்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பிளேடும் ஊசியும் கிடப்பது உண்டு.

ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பேட்டரி இல்லாவிட்டாலும் ஏர்பேக்கை வெடிக்கவைக்கும் அளவுக்கு மின்சாரம் அதன் கன்ட்ரோல் யூனிட்டில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். எவ்வளவு நேரம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். 10 நிமிடம் விடுவது என் வழக்கம், கையேடு அதற்கு மேல் சொன்னால் அதுவே கணக்கு. கழற்றிய ஏர்பேக்கை அலங்காரப் பக்கம் மேலே பார்க்கும்படி வையுங்கள், தூக்கிப் போகும்போது அந்தப் பக்கம் உங்கள் உடம்பைப் பார்க்காமல் இருக்கட்டும். அதன் மஞ்சள் கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து ஓம் பார்க்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் சின்ன மின்சாரமே போதும், அது வெடிக்கலாம்.

வீலைக் கழற்றாமலே லாக் ஹவுசிங்கை எடுத்துவிட முடிகிற வண்டிகள் நிறைய. கவரை எடுத்துவிட்டு, காலத்தை டேஷ்போர்டின் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்களைத் தளர்த்திக் கொஞ்சம் கீழே இறக்கினால் ஹவுசிங்கின் மேல் பக்கம் கைக்கு வரும். முடிந்தால் இந்த வழியே நல்லது, ஏர்பேக்கையும், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் பட்டையையும் தொட வேண்டியதில்லை. இறக்கிய காலத்தைத் தொங்கவிடாமல் கீழே ஏதாவது முட்டுக் கொடுங்கள், குறிப்பாக எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் மோட்டார் காலத்திலேயே இருக்கும் வண்டியில். அந்த எடை கீழே உள்ள மூட்டை இழுக்கும்.

அடுத்து வருவது பலரையும் திணறவைக்கும் இடம். ஹவுசிங்கைக் காலத்தோடு பிடித்திருக்கும் போல்ட்களுக்குத் தலையே இருக்காது. திருடர் எளிதில் கழற்றக் கூடாது என்பதற்காக, முறுக்கும்போது தலை முறிந்து விழும்படி செய்யப்பட்ட போல்ட்கள் அவை. வழுவழுப்பான வட்டம் மட்டும் தெரியும். இவற்றை எடுக்க நான் முதலில் முயல்வது சின்ன உளி: வட்டத்தின் ஓரத்தில் சென்டர் பன்ச்சால் ஒரு குழி போட்டு, உளியின் நுனியை அதில் சாய்வாக வைத்து, கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த் திசையில் லேசாகத் தட்டிக்கொண்டே வந்தால் பல போல்ட்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழன்று வந்துவிடும். அசையாவிட்டால் சின்னக் கட்டிங் வீலால் ஒரு காடி வெட்டி ஸ்க்ரூடிரைவர் போடலாம். அதற்கும் இடமில்லை என்றால் நடுவில் 3 மி.மீ. துளை போட்டு, இடது சுற்று டிரில் பிட் உபயோகியுங்கள். துளையிடும் திசையும் கழற்றும் திசையும் ஒன்றாக இருப்பதால் பாதித் துளையிலேயே போல்ட் கழன்று வருவது உண்டு.

உளியில் தட்டுவது வேறு, தண்டின் நுனியில் சுத்தியலால் அடிப்பது வேறு. இரண்டாவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஸ்டியரிங் காலம் ஒரு சாதாரணக் குழாயாக இருந்தால் பரவாயில்லை. 1960களின் பிற்பகுதியிலிருந்து, முன்னால் மோதினால் ஓட்டுநரின் நெஞ்சில் குத்தாமல் தானே சுருங்கும்படிதான் அதைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் 1968 தொடக்கத்திலிருந்து இதற்கு விதியே இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், அவற்றைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஊசிகள், சட்டத்திலிருந்து கழன்று வழிவிடும் பிடிப்புகள் என்று அதில் பல பாகம். வீல் வரவில்லை என்று தண்டின் நுனியில் ஓங்கி அடித்தால் அந்தப் பிளாஸ்டிக் ஊசிகள் அறுந்துபோகும். வெளியே ஒன்றும் தெரியாது, ஆனால் காலத்தில் ஆட்டம் வந்துவிடும், விபத்தில் அது சுருங்க வேண்டிய முறையில் சுருங்காது. வீலைக் கழற்ற வேண்டுமானால் அதற்குரிய புல்லர் என்ற இழுப்புக் கருவிதான்.

ஹவுசிங் கையில் வந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு நிதானமாக உட்காருங்கள். இதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. முள் முழுசாக இருக்கிறதா? முறிந்திருந்தால் முறிந்த துண்டு எங்கே? அது கையில் கிடைக்கும் வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் கட்டிய கம்பியை விட்டுத் தேடலாம், ஆனால் முள் காந்தத்தில் ஒட்டாத உலோகத்தில் இருக்கலாம், ஹவுசிங்கின் சில்லுகள் ஒட்டவே ஒட்டாது. அதனால் கண்ணால் பார்ப்பதும் காற்றடித்துப் பார்ப்பதும் அவசியம். கிடைத்த துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒரு முழு முள் ஆகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, முள் இறங்கும் துளை. குழாயில் அந்தத் துளையின் ஓரம் கிழிந்தோ, நீள்வட்டமாக இழுபட்டோ இருந்தால் புதிய முள் நேராக இறங்காது. பிறகு தண்டின் வளையம். வீலை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றி ஒவ்வொரு காடியையும் பாருங்கள். ஓரம் நசுங்கி மேலே எழும்பியிருந்தால் அது குழாயின் உட்பக்கத்தில் உரசும், வளையம் தண்டில் தளர்ந்திருந்தால் கையால் அசைத்தாலே தெரியும். வீலைப் பிடித்து மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்கள். வீலின் சாய்வை மாற்றும் டில்ட் லீவரைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். வீலை வெட்டி இழுக்கும்போது டில்ட் பிடிப்பும் சேர்ந்து விரிந்துபோவது உண்டு.

இந்தச் சோதனையில் எல்லாம் நன்றாக இருந்தால் லாக் ஹவுசிங் செட்டை மட்டும் மாற்றினால் போதும். குழாயில் கிழிசல், தண்டில் கோணல், வளையத்தில் தளர்ச்சி, காலத்தில் ஆட்டம், இவற்றில் ஒன்று இருந்தாலும் காலத்தை மொத்தமாக மாற்றுங்கள். வெல்டிங் வைத்து அடைப்பது, அரத்தால் ராவிச் சமாளிப்பது எல்லாம் ஸ்டியரிங்கில் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

பழைய பாகம் வாங்கலாமா என்றால், வாங்கலாம், ஆனால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேளுங்கள். முன்பக்கம் மோதி ஏர்பேக் விரிந்த வண்டியின் காலம் ஏற்கெனவே கொஞ்சம் சுருங்கியிருக்கக்கூடும். பின்னால் இடிபட்டோ வேறு காரணத்தாலோ கழித்துவிட்ட வண்டியின் காலம் என்றால் நல்லது. வாங்கியதைப் பழைய காலத்தின் பக்கத்தில் வைத்து நீளம், பிடிப்புகளின் இடம், கனெக்டர்களின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காலத்திலேயே இருந்தால் பாக எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மாட்டிய பிறகு, முறுக்கு விசையை அளக்கும் டார்க் (torque) சென்சாருக்கும் ஸ்டியரிங் கோண சென்சாருக்கும் ஸ்கேனர் வழியே நேர்நிலை சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாவிட்டால் கை எடுத்ததும் வண்டி ஒரு பக்கம் இழுப்பது போலத் தோன்றும், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கும் எரியும். கீழே உள்ள மூட்டைப் பிரிக்கும் முன் தண்டிலும் மூட்டிலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள், திரும்ப மாட்டும்போது அந்தக் கோடு சேர வேண்டும். மூட்டின் போல்ட், தண்டில் அதற்கென்று இருக்கும் பள்ளத்தின் வழியே போகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

1970களிலிருந்து 90கள் வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை வைத்திருப்பவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு பத்தி. அவற்றின் அமைப்பு வேறு. இக்னிஷன் ஸ்விட்ச் சாவிக்குப் பின்னால் இருக்காது, காலத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும். சாவி ஒரு பல்சக்கரத் துண்டைத் திருப்ப, அது பல்வரிசைக் கட்டையை நகர்த்த, அதோடு சேர்ந்த நீளக் கம்பி கீழே உள்ள ஸ்விட்சைத் தள்ளும். திருடர்கள் காலத்தின் வார்ப்பை உடைத்து அந்தக் கட்டையையோ கம்பியையோ நேராக இழுத்துவிடுவார்கள். சரிசெய்ய மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வர வேண்டும்: வீல், ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும் லாக் பிளேட், இண்டிகேட்டர் ஸ்விட்ச், பிறகு வார்ப்பு ஹவுசிங். லாக் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கும் கருவியும், டில்ட் காலமாக இருந்தால் அச்சாணிகளை இழுக்கும் கருவியும் இல்லாமல் இறங்க வேண்டாம். உள்ளே போன பிறகு டில்ட் மூட்டைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்களையும் இறுக்கிவிடுங்கள், அவை தளர்ந்து வீல் ஆடுவது இந்தக் காலங்களின் பழைய நோய். கீழே உள்ள ஸ்விட்சின் இடத்தைச் சாவியின் நிலைகளுக்குப் பொருந்தும்படி நகர்த்தி வைக்கவும் மறக்காதீர்கள்.

உங்கள் வண்டிக்கு வருவோம். லாக் ஹவுசிங் செட் புதிதாக வாங்கினால் பெரும்பாலும் புதுச் சாவியோடு வரும். அப்படியே மாட்டினால் கதவுக்கு ஒரு சாவி, ஸ்டார்ட் செய்ய ஒரு சாவி என்று ஆகிவிடும். சிலிண்டருக்குள் வரிசையாக நிற்கும் சின்னப் பித்தளைத் தகடுகளை மாற்றி அடுக்கி, பழைய சாவிக்கே திறக்கும்படி செய்துகொடுக்கப் பூட்டு வேலை தெரிந்தவரால் முடியும். கதவுப் பூட்டையும் உடைத்திருந்தால் கதவு, டிக்கி, இக்னிஷன் எல்லாம் ஒரே சாவியில் வரும் செட்டாக வாங்குவதே மேல். உங்கள் உதிரிச் சாவி வண்டிக்குள்ளேயே இருந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். இருந்து இப்போது காணவில்லை என்றால் பழைய சாவிக்கே பூட்டை அமைப்பதில் அர்த்தமில்லை.

சாவிக்குள் சிப் இருக்கும் வண்டியில் இன்னொரு விஷயம் சேர்கிறது. சிலிண்டரின் வாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கும், சிப்பைப் படிக்கும் ஆன்டெனா அது. சிலிண்டரைப் பிடுங்கும்போது அதுவும் கிழிந்துவிடும். புதுப் பூட்டை மாட்டிய பிறகு என்ஜின் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றால், அல்லது ஸ்டார்ட்டே ஆகாமல் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னினால், முதலில் இந்த வளையத்தைப் பாருங்கள். சாவி தொலைந்திருந்தால், பதிவில் உள்ள எல்லாச் சாவிகளையும் அழித்துவிட்டு உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் மறுபடி பதியச் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் வண்டி ஸ்க்ரூடிரைவருக்கே ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். பக்கத்தில் உங்கள் சாவி இல்லாதபோதும் அப்படித்தான் என்றால், அதில் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவியின் சிப் இல்லாமல் என்ஜினை ஓடவிடாத அமைப்பு, இல்லை, அல்லது வேலை செய்யவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதலும், கனடாவில் 2007 முதலும் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. அதன் விளைவைத்தான் அங்கே ஹூண்டாய், கியா வண்டிகளில் பார்த்தோம். 2011 முதல் 2022 வரை சாவி திருப்பி ஸ்டார்ட் செய்யும் பல மாடல்கள் இம்மொபிலைசர் இல்லாமல் விற்கப்பட்டன. சிலிண்டரைப் பிடுங்கிவிட்டு, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை யூஎஸ்பி கேபிளின் தலையால் திருப்பும் வீடியோக்கள் 2021, 2022இல் பரவின, திருட்டு பெருகியது. 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனங்கள் மென்பொருள் திருத்தம் கொடுக்கத் தொடங்கின. உங்களுடையது அந்த வகை வண்டி என்றால், பூட்டை மாற்றும்போதே அந்தத் திருத்தத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

வயரிங்கில் அவசரப்படாதீர்கள். இக்னிஷன் ஸ்விட்சுக்கு வரும் தடித்த வயர் பேட்டரியிலிருந்து பெரிய ஃப்யூஸ் வழியாக வருவது, அதில் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. திருடர் வயர்களை உரித்து முறுக்கியிருந்தால் டேப் சுற்றி விட்டுவிடாமல், கெட்ட பகுதியை வெட்டி எறிந்து, அதே தடிமன் உள்ள வயரைச் சேர்த்து, நன்றாக கிரிம்ப் செய்து ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள். ஏர்பேக் வயர் அறுபட்டிருந்தால் நீங்களாக ஒட்டுப்போட வேண்டாம், அந்த வயரிங்கை மாற்றுவதுதான் சரி. ஸ்க்ரூடிரைவரால் திருப்பிய ஸ்விட்சின் உட்பாகம் விரிசல் விட்டிருக்கும், அதையும் புதிதாகவே போடுங்கள். ஸ்டார்ட் நிலையிலிருந்து அது தானாகத் திரும்பி வராவிட்டால் என்ஜின் ஓடும்போதும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழன்றுகொண்டே இருந்து கருகிவிடும்.

மாட்டும்போது, புதிய தலை முறியும் போல்ட்களை முதலில் கை இறுக்கத்தில் மட்டும் நிறுத்துங்கள். சாவியைப் போட்டு எடுத்து, முள் தடையில்லாமல் இறங்கி ஏறுகிறதா என்று பல தடவை பார்த்துவிட்டு, அதன் பிறகே தலை முறியும் வரை முறுக்குங்கள். முறிந்த பின் தப்பு தெரிந்தால் மறுபடி உளியைத்தான் எடுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் லீவருக்கும் லாக்குக்கும் நடுவே ஒரு கேபிளோ சோலினாய்டோ இருக்கும். அதை மாட்ட மறந்துவிட்டால் பார்க் நிலையில் இல்லாதபோதும் சாவி கழன்று வரும், லாக்கும் விழும்.

வீலைக் கழற்றியிருந்தால் கிளாக் ஸ்பிரிங் நடுநிலையில் இருக்க வேண்டும். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் சுருள் பட்டை அது. முன்சக்கரங்களை நேராக வைத்து, கிளாக் ஸ்பிரிங்கை ஒரு பக்கக் கடைசி வரை மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து கையேடு சொல்லும் சுற்றுகள் திரும்பி வந்து அம்புக்குறிகளைச் சேர்க்க வேண்டும். நடுநிலை தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே பட்டை அறுந்துவிடும். வீலின் நட்டை கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். புது நட் போடச் சொல்லியிருந்தால் புதுசுதான்.

பேட்டரியை இணைத்த பிறகு ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, வீலை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை மெதுவாகச் சுற்றுங்கள். எங்கும் தட்டலோ இறுக்கமோ கூடாது. சாவியை ஒவ்வொரு நிலையிலும் நிறுத்தி வீலை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சாவி உள்ளே இருக்கும்போது ஒரே ஒரு தடவை லாக் விழுந்தாலும் வண்டி பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது. சாவியை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் விழ வேண்டும். இண்டிகேட்டர் திருப்பத்துக்குப் பிறகு தானே அணைகிறதா, வைப்பர், ஹாரன், சாவி மறந்தால் அடிக்கும் பஸ்ஸர் எல்லாவற்றையும் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு சாலைக்குக் கொண்டுவரலாம். திருடர் வண்டியை எப்படி ஓட்டியிருப்பார் என்று தெரியாது, அதனால் டயர், சஸ்பென்ஷன், வண்டியின் அடிப்பகுதி, வீல் அலைன்மென்ட் இவற்றையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

உங்கள் மெக்கானிக் சொன்ன பட்டன் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். ஸ்டியரிங் லாக்கே இல்லாமல், டேஷ்போர்டில் ஒரு பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகிற வண்டி அடுத்த திருடருக்கு இன்னும் எளிது. வாகனப் பரிசோதனையிலும் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும். முறிந்த முள்ளைத் தேடி எடுக்காமல் பட்டன் மட்டும் வைத்தால் ஆபத்து அப்படியே உள்ளே இருக்கும், வண்டி சரியாகிவிட்டது என்று நீங்கள் நம்பி ஓட்டுவீர்கள்.

அதற்குப் பதில், காலத்தின் கவர் திறந்திருக்கும்போதே ஒரு மறைவு ஸ்விட்ச் வைக்கச் சொல்லுங்கள். ஒரு வண்டியைத் திருட முடியும் என்று தெரிந்துகொண்டவர்கள் மறுபடி வருவது உண்டு. அந்த ஸ்விட்ச் ஸ்டார்ட்டர் ரிலேயின் வயரைத் துண்டிப்பதாக இருக்கட்டும். எரிபொருள் பம்பையோ இக்னிஷனையோ துண்டிக்கும்படி வைப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த ஸ்விட்ச் என்றாவது பழுதானால் ஓடும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். ஸ்டார்ட்டரில் வைத்தால் அதிகபட்சம் வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். கூடவே வீலில் குறுக்கே மாட்டும் இரும்பு லாக் ஒன்றும் வாங்குங்கள். வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும் என்பதுதான் அதன் பலம்.

கழற்றிய பழைய ஹவுசிங்கையும் சிலிண்டரையும் முள்ளின் துண்டுகளையும் பட்டறையிலேயே விட்டுவிடாமல் ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். க்ளைம் முடியும் வரை யாராவது கேட்கலாம். சிலிண்டரில் சாவி எண் பொறித்திருந்தால், பின்னால் இன்னொரு சாவி வெட்ட அதுவே போதும்.